பையில் இரண்டு எடைக்கற்கள்

மும்பையிலிருந்து செல்லும் மத்திய ரயில்வே பாதையில், கல்யாணைக் கடந்ததும் இரண்டாவது நிலையம் உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தினர் தங்கிச் செல்வதற்கான முகாம் ஒன்று இங்கு அமைக்கப்பட்டது. 1947-இல் நாடு பிரிவினையுற்றபோது, சிந்து மாகாணத்தில் வீடு, நிலம், கடை ஆகிய அனைத்தையும் இழந்து வந்த பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த முகாமின் கொட்டகைகளில் குடியமர்த்தப்பட்டன. 8.8.1949 அன்று, அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். உல்லாஸ் நதியின் பெயரே நகரின் பெயராயிற்று. இன்றும் அதன் பகுதிகளை மக்கள் முதலாம் கேம்ப், ஐந்தாம் கேம்ப் என்றே வழங்குகின்றனர்.

அங்கு வந்து சேர்ந்தவர்கள் கையேந்தி நிற்கவில்லை. அப்பளம் இட்டும், மிட்டாய் செய்தும், சிறு பொருள்களை ரயிலில் விற்றும் வாழ்வைத் தொடங்கினர். நாளடைவில் மரச்சாமான்கள், துணிகள், மின்சாதனங்கள், ஜீன்ஸ் ஆடைகள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற வணிக நகரம் உருவாயிற்று.

அந்தப் பெருமையோடு ஒரு கேலியும் ஒட்டிக்கொண்டது. அந்நகரப் பொருள்களில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று அச்சிடுவார்களாம். கேட்டால், 'யு.எஸ்.ஏ. என்பது உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்பார்களாம். இது பல ஆண்டுகளாக நாடெங்கும் சொல்லப்பட்டு வரும் வேடிக்கைக் கதை. எனினும் இதனுள் சிந்திக்கத்தக்க ஓர் அறக்கேள்வி இருக்கிறது. அந்த மூன்று எழுத்துகளும் சொல்லளவில் பொய்யல்ல. ஆனால், வாங்குபவர் அவற்றை வேறுவிதமாகப் புரிந்துகொள்வார் என்பதை நம்பியே அவை அச்சிடப்படுகின்றன. இதனை நேர்மை என்பதா, வஞ்சனை என்பதா?

விவிலியம் இக்கேள்வியைத் தராசின் மொழியில் ஆராய்கிறது.

கல்லும் கருத்தும்

பண்டைய இஸ்ரவேல் நாட்டில் எடைபோடக் கற்களே பயன்பட்டன. எபிரேய மொழியில் எடைக்கல்லுக்கும் சாதாரணக் கல்லுக்கும் ஒரே சொல்தான். வணிகர் அக்கற்களைப் பையிலிட்டு உடன் கொண்டு செல்வர். சிலர் பையில் இருவகைக் கற்கள் இருந்தன. பொருளை வாங்கும்போது கனமான கல், விற்கும்போது இலேசான கல். இதனையே உபாகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் தடை செய்கிறது. அங்கு விலக்கப்படுவது இரட்டைக் கல்லைப் பயன்படுத்துவது மட்டுமன்று. அதனைப் பையில் வைத்திருப்பதே விலக்கப்படுகிறது. குறையளவுள்ள பாத்திரத்தை வேறு எந்த உபயோகத்திற்காகவும்கூட வீட்டில் வைத்திருத்தல் ஆகாது என்று பிற்கால யூத அறிஞர்கள் இக்கட்டளையை விரித்துரைத்தனர். வஞ்சனை கடைவீதியில் பிறப்பதன்று. பையில் இரண்டாவது கல் இடம்பெறும்போதே அது தொடங்கிவிடுகிறது.

ஒரு சொல்லுக்கு, தனக்கென ஒரு பொருளும் பிறருக்கென வேறொரு பொருளும் வைத்துக்கொள்வதும் இரட்டைக் கல்லே. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி கடைக்காரரின் எடைக்கற்களை அதிகாரிகள் சோதித்து முத்திரையிடுகின்றனர். கல்லுக்கு முத்திரையிட முடிகிறது. உள்நோக்கத்திற்கு முத்திரையிட எந்த அதிகாரியாலும் இயலாது. அதனால்தான் நீதிமொழிகள் நூல் தராசைப் பற்றிப் பேசும்போது கடவுளை முன்னிறுத்துகிறது. கள்ளத்தராசு அவருக்கு அருவருப்பு. சரியான எடை அவருக்கு உவப்பு என்பது அதன் கருத்து.

வாங்குபவரின் தராசு

நீதிமொழிகள் நூல் வாங்குபவரையும் விடவில்லை. பொருளைப் பார்த்து 'மோசம், மோசம்' என்று விலையைக் குறைத்துவிட்டு, வெளியே சென்றதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்பவனை இருபதாம் அதிகாரம் சித்தரிக்கிறது. உல்லாஸ்நகரைக் கேலி செய்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த, 1991-க்கு முற்பட்ட காலத்தில், 'ஃபாரின் சரக்கு' என்றாலே மக்களுக்குத் தனி மோகம். அந்த மோகமே போலிப் பெயருக்குச் சந்தையாயிற்று. போலி என்று தெரிந்தே மலிவு விலைக்கு வாங்கி, அண்டை வீட்டாரிடம் அசல் என்று காட்டிக்கொள்பவர் பையிலும் இரண்டு கற்கள் இருக்கின்றன. நாடெங்கும் பல ஊர்களில் நடக்கும் தவறுக்கு ஓர் ஊரை மட்டும் சுட்டிச் சிரிப்பதும் நேர்மையான எடையன்று.

அந்நியரும் தராசும்

லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஓர் ஆழ்ந்த அமைப்பு உள்ளது. உங்கள் நாட்டில் தங்கும் அந்நியரை ஒடுக்காதீர்கள்; அவரை உங்களைப்போலவே நேசியுங்கள்; நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்களே என்று ஒரு கட்டளை வருகிறது. அதை அடுத்தே, தராசும் எடைக்கல்லும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. எகிப்திலிருந்து உங்களை மீட்டவர் நானே என்ற நினைவூட்டலுடன் அதுவும் முடிகிறது.

தராசுக்கும் எகிப்துக்கும் என்ன தொடர்பு? ஊர் அறியாதவனை, விலை அறியாதவனை, முறையிட ஆளில்லாதவனை ஏமாற்றுவதே எளிது. அந்நிலையைத் தாமே அனுபவித்தவர்கள் அதைப் பிறருக்குச் செய்யலாகாது. நேர்மையான எடை என்பது வேரிழந்து துன்புற்றவர்கள் தம் துன்பத்திலிருந்து கற்க வேண்டிய பாடம். வள்ளுவரும் வணிகருக்கான அறத்தை 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்து, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்கிறார். தனக்கும் பிறனுக்கும் ஒரே அளவு என்பதில் இரு நூல்களும் ஒன்றுபடுகின்றன.

வறியவருக்கு இழைக்கப்படும் இத்தகைய அநீதியையே கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்தார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று துடித்தவர்கள், மரக்காலைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, கோதுமைப் பதரையும் விற்றனர். வழிபாட்டை அவர்கள் விட்டுவிடவில்லை. வழிபாட்டில் ஒரு கல், வணிகத்தில் ஒரு கல் என்றிருந்தனர்.

திருந்தும் வழி

தவறியவனுக்கும் வழி உண்டு. ஆனால் அது வெறும் வருத்தத்தோடு முடிவதில்லை. வஞ்சித்துப் பெற்றதை முழுவதுமாகத் திருப்பித் தந்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் தர வேண்டும் என்கிறது லேவியராகமம். எரிகோ நகரின் வரி வசூல் தலைவர் சகேயு, இயேசுவைத் தம் இல்லத்தில் வரவேற்றபோது, தம் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காக உரியவருக்கும் தருவதாக உறுதியளித்தார் என்கிறது லூக்காவின் நற்செய்தி. அவரது பக்தி கணக்கேட்டிலும் வெளிப்பட்டது.

இன்று உல்லாஸ்நகரின் தையற்கூடங்களில் வெளிமாநிலங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள் உழைக்கின்றனர். அன்று அந்நியராய் வந்தோரின் வாரிசுகள் இன்று முதலாளிகள். இன்றைய அந்நியர் தொழிலாளிகள். ஏழைக் கூலியாளனுக்கு, அவன் அந்நியனே ஆயினும், பொழுது சாயும் முன் கூலி கொடுக்க வேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. தாராவியிலும் செம்பூரிலும் பிழைக்கச் சென்று நிலைபெற்ற தமிழருக்கும் இக்கட்டளை பொருந்தும். நமக்கு எந்த எடையில் நியாயம் வழங்கப்பட வேண்டும் என்று அன்று ஏங்கினோமோ, அதே எடையில் இன்று நம்மிடம் வருவோருக்கு அளந்து கொடுப்போமாக. அப்போது நம் பையில் ஒரே கல்தான் இருக்கும்.