வெட்டிப் பிறந்த வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை இரண்டு இரவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்கிசையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், பழைய வளவொன்றின் பலாமரத்தடியில் கிடந்த டியூன் பகி வண்டி. வெளிறிய மஞ்சள் பைபர் உடல், கண் போன விளக்குக் கூடுகள், சில்லு இருக்கவேண்டிய இடத்தில் சீமெந்துக் கல். அதைத் திருத்தி ஓடவேண்டும் என்கிறாய். ஓடலாம். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய மூன்று திட்டங்களும் பிழை. அடித்தட்டு கறள் பிடித்துவிட்டதால் கொட்டாஞ்சேனையில் விலைக்கு வந்திருக்கும் முழு வொக்ஸ்வாகன் பீற்றில் காரை வாங்கி வெட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களைக் கழற்றிவிட்டு, மினுக்கிய எஞ்சின் வெளியே தெரிய ஓடப்போவதாக எழுதியிருக்கிறாய். வேலை முடிந்ததும் வடமராட்சி மணற்காட்டுக்குக் கொண்டுபோய் மணற்கும்பிகளில் ஏற்றப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். ஏன் பிழை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் பைபரில் படகு செய்துகொண்டிருந்தார். 1964இல் அதே படகு வித்தையை வைத்து மணலில் ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்தார். மேயர்ஸ் மாங்ஸ் என்று பெயர். முதல் பன்னிரண்டு வண்டிகளுக்கு பீற்றில் அடித்தட்டு கிடையாது; படகைப் போல முழு உடலும் ஒரே வார்ப்பு. செலவு கட்டுபடியாகவில்லை. பிறகுதான் பழைய பீற்றிலின் மேலுடலைக் கழற்றி, அடித்தட்டை நடுவில் ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் பைபர் உடலை இருத்தும் முறைக்கு வந்தார். 1967 ஏப்ரலில் மெக்சிகோவின் பாஹா பாலைவழியை, லா பாஸிலிருந்து திஹுவானா வரை, அந்த வண்டியில் 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள். அதற்கு முந்திய மோட்டார் சைக்கிள் சாதனையை ஐந்து மணித்தியாலத்தால் முறியடித்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அதைப் பார்த்துச் செய்தார்கள். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார், 1971இல் தொழிற்சாலையை மூடினார். உன் பலாமரத்து வண்டியும் அப்படிப் பார்த்துச் செய்த ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். அது அதற்கு இழிவில்லை.

இந்த வண்டி இன்னொரு வண்டியை வெட்டித்தான் பிறந்தது. பீற்றில் கார் மொத்தம் இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அறுபதுகளின் கலிபோர்னியாவில் மோதி நொறுங்கிய பீற்றில்கள் மலிவாகக் கிடந்தன. எறியவேண்டியதை எடுத்து வெட்டினார்கள். நம்முடைய நாட்டின் நிலைமை வேறு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களுக்கு எவ்வளவு மதிப்பு ஏறியது என்று நீயே கண்டிருப்பாய். இங்கே எஞ்சியிருப்பது எஞ்சியிருப்பதுதான்.

கொட்டாஞ்சேனைக் காரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்ரீ இலக்கத் தகடு. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வாகனத் தகடுகளில் ஏறியபோது தமிழர் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு வடக்கில் அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள், பதிலுக்குச் சிங்களவர் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசினார்கள். அதற்குப் பின் நடந்ததை வீட்டில் பெரியவர்களிடம் கேள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீதியோரமாக எரிந்து கிடந்த கார்களை நான் பார்த்தவன். அந்த நாட்களையும் கடந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாம் சேர நிற்கிறது அந்தக் கார். அதை வெட்டுவதற்கு உனக்கு மனம் வரக்கூடாது. வாங்க ஆசையென்றால் வாங்கு, முழுசாக வைத்திரு.

உன் அடித்தட்டைத் திருத்தலாம். படத்தில் கறள் அரித்திருப்பது இரண்டு பக்கத் தட்டுகளும் பற்றரி இருக்கும் மூலையும்தான். நடுமுதுகுக் குழாய் நல்லபடி இருக்கிறது என்று நினைக்கிறேன். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார். மணிபோலக் கேட்டால் இரும்பு, பொத்தென்று கேட்டால் கறள். பக்கத் தட்டுகளைத் தனியாக மாற்றலாம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காவிட்டால் தகரம் வளைத்துச் செய்யும் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். முன்பு யாரோ குறுக்கிய இடத்து வெல்டிங்கைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். பெயின்ற் முழுவதையும் சுரண்டு. குழாயைச் சுற்றி மேலால் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் விட்டிருப்பார்கள். பலர் செய்த பிழை அது. நானும் என் முதல் வண்டியில் செய்தேன். அதோடு தாங்குசட்டமும் ஒட்டாமல் வெட்டினேன். வெல்டிங் சூட்டில் தட்டு முறுகிவிட்டது. கடைசிவரை அந்த வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஒட்டு வேலை தொடங்குமுன் குறுக்கே கோணச்சட்டம் அடித்து, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவை. அந்தக் குழாய்க்குள்ளால்தான் பெற்றோல் பைப்பும் போகிறது. அதை வெளியே எடுத்து, உள்ளே காற்றடித்துக் காயவைக்காமல் வெல்டிங் கைப்பிடியைத் தொடாதே.

இன்னொன்று. செசி இலக்கம் பின்சீற்றின் கீழ் நடுக்குழாயில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் இலக்கம் ஜெனரேற்றர் நிற்கும் காலின் அடியில். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். கறள் சுரண்டும்போது அந்த எழுத்துகளில் கிரைண்டர் பட்டுவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உன் வண்டிக்கு ஆளடையாளம் போய்விடும். அந்த இரண்டு இடத்துக்கும் கம்பித் தூரிகையும் பொறுமையும் போதும்.

உடலுக்கு வருவோம். இதை டிங்கர் பாஸிடம் கொடுக்காதே. அவர் தகரத்தில் வல்லவர்; பைபர் விரிசலைக் கண்டால் புட்டி வைத்து மூடிவிடுவார், ஒரு மாதத்தில் அதே இடத்தில் விரியும். நீ போகவேண்டியது படகுக்காரரிடம். நீர்கொழும்பிலும் பேருவளையிலும் பைபர் படகு திருத்துகிறார்கள். காரைநகர் சீநோரில் படகு கட்டப் பழகிய கைகளும் நம்மிடையே உண்டு. மேயர்ஸ் படகுக்காரர் என்று சொன்னேனே, இந்த வண்டியின் உடல் படகுதான். நம்முடைய கடற்கரையில் இந்த வித்தை ஐம்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கார் திருத்துகிறவர்கள்தான் அங்கே போய்க் கேட்பதில்லை.

படகுக்காரர் செய்யும் முறை இது. விரிசலை மேலால் பூசி மூடுவதில்லை. வெடிப்பு முடியும் இடம்வரை தேய்த்துத் திறந்து, ஓரத்தை நீளச் சரிவாக்கி, பின்பக்கமும் தேய்த்து, அசிற்றோன் துணியால் துடைத்து, பாயை ஒன்றன்மேல் ஒன்றாக, சிறியதிலிருந்து பெரியதாக வைத்து ரெசினை ஊட்டுகிறார்கள். உருளையால் காற்றுக்குமிழ் ஒவ்வொன்றையும் வெளியே தள்ளுகிறார்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் தொடுவதே இல்லை. ஈரம் புகுந்த பாய் பிடிக்காது. கொழும்பு வெயிலில் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் ரெசின் கோப்பையிலேயே கொதித்துப் புகையும். முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் பைபர் தேய்க்காதே. தோலில் படும் தூள் இரண்டு நாள் அரிக்கும். நெஞ்சுக்குள் போவது அப்படி எளிதில் விடாது.

அந்த மஞ்சளை மாற்றாதே. மேல்பூச்சிலேயே கலந்த நிறம் அது. ஈர மணற்தாளால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார். அடியில் பழைய மஞ்சள் வரும். அதுதான் அதன் தோல்.

விளக்குகள் ஏன் எரியவில்லை என்று கேட்டிருந்தாய். காரில் தகர உடலே எர்த். பைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் ஹோர்னுக்கும் தனி எர்த் வயர் இழுத்து அடித்தட்டில் கட்டவேண்டும். கல்கிசைக் கடற்காற்றில் அந்தக் கட்டு ஒவ்வொன்றும் கறள் பிடிக்கும். கிரீஸ் பூசி முடிச்சிடு. பகியின் மின்பிழை பத்தில் எட்டு இதுவாகத்தான் இருந்திருக்கிறது என் கையில்.

எஞ்சின் தகரங்களைப் பற்றி நான் கோபமாகவே சொல்கிறேன். அவை அழகுக்கு வைத்தவை இல்லை. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை, காற்றும் ஒயிலும்தான். விசிறி தள்ளும் குளிர்காற்றைச் சிலிண்டர்களைச் சுற்றிக் கொண்டுபோவதும், கீழே இறங்கிய சூட்டுக்காற்று மறுபடி விசிறிக்குள் போகாமல் தடுப்பதும் அந்தத் தகரங்களே. பழைய மாதிரிகளில் ஒயில் கூலர் மூன்றாம் சிலிண்டரின் காற்றை மறைத்து நிற்கும். அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சூட்டில் வேகிறது. தகரத்தையும் எடுத்தால் முதலில் போவது அதன் வால்வு. மொத்தம் இரண்டரை லீற்றர் ஒயில், வடிகட்டி கிடையாது, ஒரு கம்பிவலை மட்டும். புத்தகம் 5,000 கிலோமீற்றர் என்று சொன்னாலும் நீ 2,500இல் மாற்று. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலையில் வால்வு இடைவெளியைப் பார்.

பெற்றோல் ரியூப்களை எல்லாம் மாற்று, ஒன்றுகூடப் பழையது வேண்டாம். காலி வீதியில், தெகிவளைச் சந்திக்குச் சற்று முன்னால், ஒரு பீற்றில் என் கண்முன் பின்பக்கத்தால் பற்றியது. காரணம் ஒரு சாண் நீள ரியூப். வெடித்து டிஸ்ரிபியூற்றர்மேல் சொட்டியிருக்கிறது. ஓடியவர் இறங்கித் தப்பினார். கார் பத்து நிமிடத்தில் முடிந்தது. உன் வண்டியில் பெற்றோல் தாங்கி உன் கால்களுக்கு முன்னால் இருக்கிறது என்பதை மறக்காதே.

ஓடும்போது கார் ஓடிய பழக்கம் உன்னை ஏமாற்றும். முன்பக்கம் மிக இலேசு. ஈர வீதியில் பிறேக்கை அழுத்தினால் முன்சில்லு உடனே இறுகி வழுக்கும், ஸ்ரியரிங் சொல்வதைக் கேட்காது. பழைய அச்சு மாதிரியில் வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று காலை எடுத்தால் பின்சில்லு உள்ளே மடங்கி வண்டி கவிழும். ஆகவே கவிழ்வுக் காப்புக் குழாய் வேண்டும், அதன் கால்கள் அடித்தட்டில் நிற்கவேண்டும். சீற் பெல்ற்றையும் இரும்பில்தான் பூட்டு. பைபரில் பூட்டிய பெல்ற் அடிபட்டால் துண்டோடு பிய்ந்துவரும்.

மணற்காட்டுக்குப் போகாதே, தம்பி. நான் வடமராட்சி கிழக்கில் பிறந்தவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கும்பிகளைப் பிடித்துவைத்திருப்பது இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரில் சொல்வதை நீ கேட்டிருப்பாய். அந்த மிடுக்கு மணலை நிறுத்துகிற மிடுக்கு. சில்லு ஒருதடவை போன இடத்தில் கொடி அறும், அறுந்த இடத்தில் காற்று மணலை அள்ளும். அங்கே பழைய அந்தோனியார் கோவில் மணலில் புதைந்து நிற்பதைப் பார்த்தவனுக்குக் காற்றின் வேலை தெரியும். உலகில் ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் கரைகளில் முட்டையிடுகின்றன. சில்லுத் தடத்துக்குள் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகாது. தடத்தின் வழியே நடந்து விடியலில் காகத்துக்கு இரையாகும். 2004 டிசம்பரில் கடல் ஏறிவந்தபோது மேடு நின்ற இடத்தையும் மேடு வெட்டிய இடத்தையும் கண்ட தலைமுறை நாங்கள்.

மணலில் ஓடத்தான் வேண்டுமென்றால் சிலாபம், புத்தளம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் மணல் பாதைகள் உண்டு. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். ரயரில் காற்றை 12 இறாத்தலுக்கு இறக்கு, ஒரே சீராக ஓடு, நடுவில் நிற்காதே. சில்லு சுழலத் தொடங்கினால் காலை எடு, மேலும் அழுத்தினால் அது தனக்கே குழி தோண்டும். வீதிக்கு ஏறுமுன் காற்றை நிரப்பு. பார்க்க வருகிற பிள்ளைகளைத் தூரத்தில், மேட்டில் நிறுத்து. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் தடம் விலகிய கார் பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு இன்றைக்கே சொல்லிவிடு, கார் வெட்டுவதற்கு இல்லை என்று. வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்குக் கராஜைத் திறந்துவைப்பேன். உடலைப் பலாமரத்தடியிலேயே ஒரு படங்கால் மூடி விட்டுவிட்டு, அடித்தட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்