படத்தைச் சுமப்பது போனா, டிவியா?

போனிலோ டேபிலோ இருக்கும் படத்தை வயர் இல்லாமல் ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் பல தவறானவை. அவற்றை நம்பித் தேவையில்லாமல் புது ரூட்டர் வாங்குகிறார்கள். நன்றாக இருக்கும் டிவியைப் பழுது பார்க்க ஆள் அழைக்கிறார்கள். குழப்பத்தின் வேர் ஒன்றுதான். ‘டிவியில் போடுவது’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, உண்மையில் இரண்டு வேறு வேலைகள்.

“போனில் ஓடும் படம்தான் டிவிக்குப் போகிறது”

ஒரு சோதனை செய்து பாருங்கள். யூடியூபில் ஒரு வீடியோவைத் திறந்து, மேலே மூலையில் மூன்று வளைவுகளோடு இருக்கும் செவ்வகக் குறியை அழுத்துங்கள். டிவியில் வீடியோ ஓடத் தொடங்கியதும் போனை முழுவதுமாக ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். வீடியோ நிற்காது.

இதுதான் காஸ்ட். 2013இல் 35 டாலர் விலையில் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் என்ற டாங்கிள், இந்த முறையை உலகம் முழுக்கப் பழக்கிவிட்டது. போன் அனுப்புவது வீடியோவின் முகவரியையும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டளையையும்தான். டிவியோ, டிவியில் செருகிய டாங்கிளோ தானே இணையத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொள்கிறது.

மிரரிங் வேறு. அங்கே போனின் திரையில் தெரிவதையெல்லாம், நொடிக்குப் பல முறை, போனின் சிப்பே புதிதாகச் சுருக்கி வைஃபையில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2012இல் வைஃபை அலையன்ஸ் அறிமுகப்படுத்திய மிராகாஸ்ட் இந்த வகை. சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூ என்ற பெயரில் இருப்பதும் இதையே செய்கிறது. ஐபோனின் ஏர்பிளே இரண்டையும் செய்யும். ஓட்டலின் முகவரியைச் சொல்லி நீங்களே போய்ச் சாப்பிடுங்கள் என்பது காஸ்ட். பார்சல் கட்டி வாங்கிவந்து கையில் கொடுப்பது மிரரிங்.

இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும். மிரரிங்கில் போன் சுடுகிறது, பேட்டரி இறங்குகிறது, யாராவது அழைத்தால் அதுவும் டிவியில் தெரிகிறது. காஸ்டில் இவை எதுவும் இல்லை. படத்தின் தரத்திலும் இதே வேறுபாடுதான். காஸ்ட் செய்தால் டிவி தன் திறனுக்கு ஏற்ற தரத்தில் படத்தை எடுத்துக்கொள்ளும். பழைய, விலை குறைந்த போனிலிருந்து அனுப்பினாலும் 4கே டிவியில் 4கே வரும். மிரரிங்கில் ஏற்கெனவே சுருக்கிய படத்தைப் போன் இன்னொரு முறை சுருக்குகிறது. வேகமாக அசையும் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான்.

“இன்டர்நெட் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது”

நடக்கும். மிராகாஸ்டுக்கு இணையம் மட்டுமல்ல, ரூட்டர்கூட வேண்டாம். வைஃபை டைரக்ட் என்ற முறையில் போனும் டிவியும் நேராகக் கைகோத்துக்கொள்கின்றன. கல்யாண வீடியோ போனிலேயே இருந்தால், நெட் போன இரவிலும் வீட்டார் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் எல்லா போனிலும் இந்த வசதி இல்லை. ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது; கூகுளின் பிக்ஸல் போன்களும் அதை ஏற்பதில்லை.

ரூட்டர் இருந்து இணையம் மட்டும் இல்லையென்றால் டிஎல்என்ஏ என்ற தரம் இருக்கிறது. இந்தத் தரத்தை வகுத்த கூட்டமைப்பு 2003இல் தொடங்கி 2017இல் கலைந்துவிட்டது. கூட்டமைப்பு போனாலும் தரம் போகவில்லை. ஏராளமான டிவிகளில் இன்னும் இருக்கிறது. போனில் ஒரு மீடியா சர்வர் செயலி இருந்தால், அதிலுள்ள படங்களும் பாட்டும் டிவியின் பட்டியலிலேயே வந்து நிற்கும். அந்த ஃபைலின் வடிவம் டிவிக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

“காஸ்ட் செய்தால் போனின் டேட்டா செலவாகாது”

பாதி உண்மை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் சரி. போனின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்திருந்தால், டிவி எடுக்கும் ஒவ்வொரு துளியும் உங்கள் சிம் கணக்கில்தான் விழும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஹெச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகலாம். தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அது 40 நிமிடக் காட்சி. போனில் பார்க்கும்போது அதே பேக் பல மணி நேரம் தாங்குவது, சின்னத் திரைக்குக் குறைந்த தரமே வருவதால்.

“போனின் பட்டியலில் டிவி வரவில்லை என்றால் நெட் ஸ்பீடு குறைவு”

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் நம்பிக்கை இது. மாதத்துக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டி வேகமான பிளானுக்கு மாறியும் டிவி பட்டியலில் வராமல் தவிக்கிறார்கள். போன் டிவியைக் கண்டுபிடிப்பது, வீட்டு நெட்வொர்க்குக்குள் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று குரல் கொடுத்துத்தான். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டி வெளியே போகாது. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் கேட்கும்.

ஒரே வீட்டில் எப்படி இரண்டு நெட்வொர்க்? ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர் மாட்டிய பெட்டியிலேயே வைஃபை இருக்கும். சிக்னல் மாடிக்கு எட்டவில்லை என்று நாம் இன்னொரு ரூட்டர் வாங்கி அதில் இணைத்திருப்போம். டிவி முதலாவதில், போன் இரண்டாவதில். யூடியூப் இரண்டிலும் ஓடுவதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டாவது ரூட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் தீர்ந்தது, காசு செலவில்லை. 2.4, 5 என்று இரண்டு பெயர்களில் வைஃபை தெரிவது இந்தச் சிக்கல் அல்ல. ஒரே ரூட்டரின் இரண்டு அலைவரிசைகள் பொதுவாக ஒரே நெட்வொர்க்தான். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையும், விடுதி வைஃபையும் கருவிகளை வேண்டுமென்றே ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்து வைக்கும். போனில் விபிஎன் ஓடினாலும் தேடல் தடுமாறலாம். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி ஒன்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் அந்தச் செயலிக்கு டிவி கண்ணிலேயே படாது. செட்டிங்ஸில் போய்த் திருப்பிக் கொடுங்கள்.

வேகம் முக்கியமாவது படம் நின்று நின்று ஓடும்போதுதான். அப்போதும் நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவருக்குக் குறை பிளானில் இல்லை. ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவிலுள்ள சுவர்களில் இருக்கிறது. ஒரு லேன் கேபிள் போதும்.

“திரை கறுப்பாக வந்தால் டிவி பழுது”

இல்லை. ஓடிடி படங்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு உண்டு. மிரரிங் செய்யும்போது அந்தப் பூட்டு படத்தை மறைத்துவிடுகிறது. சில நேரம் ஒலி மட்டும் கேட்கும். செயலிக்குள் இருக்கும் காஸ்ட் குறியையோ, டிவியிலேயே உள்ள செயலியையோ பயன்படுத்துங்கள். அதற்கும் வழியில்லையென்றால் உங்கள் சந்தாவைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2019இல் இந்தியாவில் தொடங்கிய மொபைல் பிளான் போன், டேபோடு நின்றுவிடும், டிவிக்கு அனுமதியில்லை. அது கருவியின் குறையல்ல, ஒப்பந்தம்.

“புளூடூத்தில் இணைத்தால் ஹோம் தியேட்டர் முழுதாக ஒலிக்கும்”

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கியவர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். போனிலிருந்து சாதாரண புளூடூத்தில் போவது இடது, வலது என்ற இரண்டு தடங்கள் மட்டுமே. பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களில் சத்தம் வந்தாலும், அந்த இரண்டை வைத்து ஆம்ப்ளிஃபயர் ஊகித்துப் பிரித்ததுதான் அது. போதாததற்கு ஒலி வழியில் சுருங்கவும் செய்கிறது. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தில் தரமானதாகக் கருதப்படும் எல்டாக் முறையிலேயே உச்சம் 990.

படத்தின் 5.1 ஒலி வேண்டுமென்றால் டிவிக்குக் காஸ்ட் செய்து, டிவியின் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்து ஹோம் தியேட்டருக்கு வயர் கொடுங்கள். அதே துளைதான், பக்கத்தில் இருப்பது அல்ல. படத்திலும் ஆடியோ தேர்விலும் 5.1 இருக்க வேண்டும்.

“வேலை செய்யவில்லையா, ரீசெட் பண்ணு”

2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்களும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகெங்கும் திடீரென வேலை செய்ய மறுத்தன. கருவி நம்பகமானதுதானா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுளே சொன்னது. அதற்குள் செய்துவிட்டவர்கள், திரும்ப அமைக்கவும் முடியாமல் இன்னும் சிக்கலில் மாட்டினார்கள். சில நாட்களில் சரிசெய்யப்பட்டுவிட்டது. நேற்றுவரை ஓடிய கருவி இன்று காரணமின்றி நின்றால், முதலில் ரூட்டரையும் டிவியையும் அணைத்துப் போடுங்கள், பிறகு செய்தியைத் தேடுங்கள். ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள்.

“மிரரிங் செய்தால் போனை ஹேக் செய்துவிடுவார்கள்”

ஆண்ட்ராய்டு போனில் மிரரிங் தொடங்கும்போது, திரையில் தெரிவதெல்லாம் பதிவாகவோ அனுப்பப்படவோ கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைப் பார்த்துப் பெரியவர்கள் பயந்துவிடுகிறார்கள். நீங்களே தொடங்கி, உங்கள் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அப்போது செய்ய வேண்டியது அறிவிப்புகளை நிறுத்திவைப்பது. வங்கியின் ஓடிபி ஹாலில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அதே எச்சரிக்கை, முன்பின் தெரியாத ஒருவர் போனில் பேசி, கேஒய்சி புதுப்பிக்கவென்று ஒரு செயலியை இறக்கச் சொன்ன பிறகும் வரும். தொலைவிலிருந்து போனைக் கையாளும் அத்தகைய செயலிகளால் பணம் பறிபோவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. இரண்டு இடத்திலும் போன் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. எதிரில் இருப்பது உங்கள் வீட்டு டிவியா, யாரோ ஒருவரின் செயலியா என்று அந்த எச்சரிக்கையில் உள்ள பெயரைப் படித்துவிட்டு அனுமதி கொடுங்கள். பார்த்து முடிந்ததும் போனின் மேல் பட்டியை இழுத்து மிரரிங்கை அங்கேயே நிறுத்துங்கள்.