பழைய லேப்டாப்புக்கு ஏற்ற இயங்குதளம் எது?



நமதூர் அனந்தபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் பீரோவின் மேலோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது அரசு கொடுத்த லேப்டாப்பாகவே இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் பயன்பெற்றார்கள். அன்று அதை வாங்கிய பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போயாயிற்று. இன்று அதே வீட்டில் தம்பியோ தங்கையோ, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டரில் காத்து நிற்கிறார்கள். கேட்டால், “அது ரொம்ப ஸ்லோ, ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகும்” என்கிறோம்.

காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வோம். பல நேரங்களில் கெட்டுப்போனது கணினி அல்ல. அதன் மேல் ஏற்றிய சுமைதான் அதிகமாகிவிட்டது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், பயன்படக்கூடிய ஒரு பொருளை யோசிக்காமல் எறியலாமா?

ஏன் மெதுவாகிறது?

திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்த லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் நினைவகம், அதாவது ரேம், 2 ஜிபிதான். அன்றைய வேலைக்கு அது போதும். ஆனால் இன்றைய பிரவுசரும் இணையதளங்களும் பல மடங்கு பெருத்துவிட்டன. ஐந்து பேருக்கான தேக்சாவில் ஐம்பது பேருக்குச் சமைக்கச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் நடக்கிறது.

பழைய விண்டோஸையே வைத்துக்கொள்ளலாமா என்றால், அது பாதுகாப்பில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 7-ல் இயங்கும் கடைசி குரோம் பதிப்பு 109. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி ரேமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அண்மைக்காலப் பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப் இந்தத் தேர்வில் தேறாது.

இன்னொரு வழியும் நம் ஊர்களில் வழக்கத்தில் இருக்கிறது: யாரோ ஒருவரிடம் ‘கிராக்’ செய்த விண்டோஸைப் போட்டுக்கொள்வது. அதில் வைரஸ் ஒளிந்து வரலாம் என்பது ஒருபுறம். உரியவர் அனுமதிக்காத பொருளை எடுத்துப் பயன்படுத்துவது சரியா என்ற கேள்வி இன்னொருபுறம். லினக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்தச் சங்கடம் இல்லை. நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் அவற்றின் உரிமமே அனுமதி தருகிறது.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. அரசு லேப்டாப்களில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்பதையும் சேர்த்தே கொடுத்தார்கள். அது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது. பக்கத்திலுள்ள கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

‘எது சிறந்த லினக்ஸ்?’ என்று கேட்டால் பத்து பேர் பத்து பெயர் சொல்வார்கள். சரியான கேள்வி, ‘என் கணினிக்கு எது பொருந்தும்?’ என்பதே. அதற்கு மூன்று விவரங்கள் தேவை.

1. ரேம் எவ்வளவு? விண்டோஸில் ‘கம்ப்யூட்டர்’ படத்தின் மீது வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் தெரியும்.

2. பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா? அதே பக்கத்தில் ‘32 பிட்’ என்று இருந்தாலும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அது விண்டோஸின் வகையைச் சொல்கிறது. 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது அன்று சாதாரணம். எனவே 64 பிட் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் 64 பிட். பிராசஸர் பொருந்தவில்லை என்ற செய்தி வந்து நின்றால் 32 பிட்.

3. யாருக்கு, எதற்கு? விண்ணப்பம் நிரப்பவும் பாடக் காணொளி பார்க்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் என்றால் லினக்ஸ் போதும். டேலி கற்பவருக்கும், விண்டோஸை மட்டுமே ஏற்கும் கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்பவருக்கும் இது உதவாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எதற்கு எது?

4 ஜிபி ரேம், 64 பிட்: லினக்ஸ் மின்ட்டின் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு. விண்டோஸ் பழகியவருக்குக் கை உடனே பிடிபடும். முதல்முறை லினக்ஸ் தொடுபவருக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

2 ஜிபி ரேம், 64 பிட்: லுபுன்ட்டு. உபுன்ட்டுவின் எடை குறைந்த வடிவம் இது. பிரவுசரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமலும், காணொளியை 480பி அளவில் வைத்தும் பார்த்தால் ஓரளவு சீராக ஓடும்.

1 ஜிபி ரேம், அல்லது 32 பிட் பிராசஸர்: ஆன்ட்டிஎக்ஸ். பெரிய லினக்ஸ்களில் பல, 32 பிட்டைக் கைவிட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல்கூட 32 பிட் கணினியில் நிறுவும் வசதி இல்லை. ஆன்ட்டிஎக்ஸ் பழைய கணினிகளுக்காகவே தயாராவது. தோற்றம் எளிமையாக இருக்கும்; பழகச் சில நாட்கள் ஆகும்.

அதற்கும் கீழே என்றால் பப்பி லினக்ஸ். ஹார்டு டிஸ்க் பழுதாகியிருந்தாலும் பென் டிரைவிலிருந்தே ஓடும். இத்தகைய கணினியில் தட்டச்சுப் பழகலாம், கணக்கு எழுதலாம். கூகுள் மீட் வகுப்பை எதிர்பார்க்கக் கூடாது.

நிறுவும் முறை

படங்கள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறு இடத்தில் நகலெடுத்த பிறகே தொடங்குங்கள். இயங்குதளத்தை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். கணினியை ஆன் செய்தவுடன் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். ஏசரில் முதலில் எஃப்2 அழுத்தி, பயாஸில் எஃப்12 மெனுவை இயக்க வேண்டியிருக்கலாம்.

உடனே நிறுவிவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் செல்போனைக் கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் மூலம் இணையம் கொடுத்து, தேவையான டிரைவரை இறக்கலாம். திருப்தியானால் நிறுவுங்கள். பிறகு தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. மதரஸா மாணவர்கள் அதிலேயே அரபியும் உர்தூவும் வலமிருந்து இடமாக எழுதலாம்.

சிறு செலவு, பெரிய பலன்

ஆயிரங்களில் சில செலவிட முடிந்தால், பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். ஆன் ஆகும் நேரம் நிமிடங்களிலிருந்து விநாடிகளுக்குக் குறையும். 2 ஜிபி ரேமை 4 ஜிபி ஆக்க முடியுமா என்றும் கேளுங்கள். விழுப்புரம், திண்டிவனம் சர்வீஸ் கடைகளில் பழைய ரேம் கிடைக்க வாய்ப்புண்டு. விசிறியின் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். தேதி தவறாகக் காட்டினால் இணையதளங்கள் திறக்க மறுக்கும். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்ததன் அறிகுறி. பெரிய பேட்டரி உப்பியிருந்தால் மட்டும், உடனே பயன்பாட்டை நிறுத்திக் கடையில் காட்டிக் கழற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது.

பிறருக்குக் கொடுக்கும் முன்

பழைய லேப்டாப்பில் நம் வீட்டுத் திருமணப் படங்கள், பெண்களின் புகைப்படங்கள், ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். ‘டெலீட்’ செய்தாலும் ஃபார்மேட் செய்தாலும் அவற்றை மீட்டெடுக்க வழியுண்டு. ஆகவே ஹார்டு டிஸ்க்கின் மேல் முழுவதும் மறுபடி எழுதி அழிக்கும் ‘என்வைப்’ போன்ற கருவியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அதன் பிறகே லினக்ஸ் நிறுவிக் கொடுங்கள். குடும்பத்தின் அந்தரங்கமும் ஓர் அமானிதம்தான். விற்றாலும் காயலான் கடைக்குப் போட்டாலும் இதே எச்சரிக்கை தேவை.

கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. வாங்கும் பிள்ளையுடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எப்படித் திறப்பது, தமிழில் எழுதுவது, அப்டேட் செய்வது என்று காட்டிக்கொடுங்கள். கற்றுக்கொடுக்காமல் கையில் கொடுத்த கணினி, மீண்டும் இன்னொரு பரணுக்குத்தான் போகும். ஊரில் கணினி தெரிந்த நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென ஒதுக்கினாலே போதும். பல பிள்ளைகளின் படிப்புக்கு வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ள கல்வியையும், அதைப் பிறருக்கு எத்திவைக்கும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.