கரன்ட் செடிக்குக் கவாத்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம் ஊரில் பலருக்கும் பிளாக் கரன்ட் அறிமுகமானது ஐஸ்கிரீம் வழியாகத்தான். பிரிட்டனிலும் போலந்திலும் ரஷ்யாவிலும் அது கொல்லைப்புறச் செடி. அக்டோபரில் இலை பழுக்கத் தொடங்கியதும் கத்தரியோடு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கூடவே சில தவறான நம்பிக்கைகளும் இறங்கும். அங்கே வாங்கிய வீட்டோடு இந்தப் புதரும் சேர்ந்து வந்துவிட்ட நம்மவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: கறுப்போ சிவப்போ, எல்லாக் கரன்ட்டையும் ஒரே மாதிரி வெட்டலாம்.

உண்மை: அதிக நஷ்டம் தருவது இந்த நம்பிக்கைதான். கறுப்புக் கரன்ட், போன கோடையில் வளர்ந்த இளங்குச்சிகளில்தான் நன்றாகக் காய்க்கும். ஆகவே நான்கு வயது தாண்டிய தண்டுகளைத் தரையோடு வெட்டி எடுக்க வேண்டும். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போனாலும் கவலையில்லை, அடியிலிருந்து புதுக் குருத்து கிளம்பும். அதை விட்டுவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நுனிகளை மட்டும் வட்டமாக வெட்டினால், அடுத்த வருடத்துப் பழம் குப்பைக்குப் போகும்.

சிவப்பும் வெள்ளையும் வேறு சாதி. பழைய தண்டில் இருக்கும் குட்டைக் கிளைகளில்தான் அவை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். முதன்மைத் தண்டுகளை விட்டுவைத்து, பக்கக் கிளைகளை இரண்டு மொட்டு அளவுக்குக் குறைத்தால் போதும். கறுப்புக்குச் செய்வதைச் சிவப்புக்கும் செய்தால் காய்ப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

இலை உதிர்ந்த பிறகு எது எது என்று எப்படித் தெரியும்? ஒரு மொட்டைக் கிள்ளி விரலில் நசுக்கி முகர்ந்து பாருங்கள். கறுப்பில் நெடி தூக்கலாக அடிக்கும். சிவப்பில் அது இல்லை. வயதைப் பட்டையே சொல்லிவிடும். ஒரு வயதுக் குச்சி வெளிர் பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். கிழத்தண்டு கருத்து, சொரசொரவென்று இருக்கும்.

நம்பிக்கை: இலையுதிர்காலத்தில் வெட்டினால் பனியில் செடி செத்துவிடும்.

உண்மை: இது குளிர்நாட்டுச் செடி. இலை முழுவதும் உதிர்ந்து செடி உறங்கிய பிறகு வெட்டினால் ஒன்றும் ஆகாது. இலை பச்சையாக இருக்கும்போதே அவசரப்படுவதுதான் தவறு. வேருக்குச் சேரவேண்டிய உணவை அந்த இலைகள் இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கும். ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. வசந்தத்தில் முந்திக்கொண்டு மொட்டு விடுகிற செடி இது. சிவப்பு மட்டும் குளிர்காலக் கடைசி வரை காத்திருக்கலாம். புல்ஃபிஞ்ச் பறவைகள் குளிரில் மொட்டுகளைக் கொத்தித் தின்னும். அவை தின்றது போக மிஞ்சியதைப் பார்த்து வெட்டுவது நல்லது.

நம்பிக்கை: வெட்டிய இடத்தில் பெயின்ட் பூச வேண்டும்.

உண்மை: வேண்டாம். கத்தரி கூராக இருந்தால் போதும். வெட்டிய தண்டின் நடுவை மட்டும் கவனியுங்கள். கறுப்பாகத் துளை தெரிந்தால் உள்ளே கண்ணாடிச்சிறகு அந்துப்பூச்சியின் புழு குடைந்திருக்கிறது. சுத்தமான நடுப்பகுதி தெரியும்வரை கீழே இறக்கி வெட்டுங்கள்.

நம்பிக்கை: மொட்டு வீங்கிய செடியும் கவாத்து செய்தால் தேறிவிடும்.

உண்மை: கறுப்புக் கரன்ட்டின் நல்ல மொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும். பட்டாணி போல உருண்டு வீங்கியிருந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன. ஒன்றிரண்டு மொட்டுகள் என்றால் குளிர்காலத்திலேயே கிள்ளி அழித்துவிடலாம். ஆனால் இந்தப் பேன் ஒரு வைரஸையும் பரப்புகிறது. அது ஏறிய செடியில் இலையின் வடிவம் மாறும், காய்ப்பு வருடாவருடம் குறையும். அதற்கு மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி.

நம்பிக்கை: வெட்டிய குச்சிகள் குப்பை.

உண்மை: ஒரு வயதுக் குச்சியை 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி நட்டால் சுலபமாக வேர் பிடிக்கும். கறுப்பில் மொட்டு எதையும் கிள்ளாமல், மேலே இரண்டு மொட்டு தெரிகிற மாதிரி ஆழமாக ஊன்றுங்கள். சிவப்புக்கு அடி மொட்டுகளைக் கிள்ளிவிட்டு ஊன்றுங்கள், ஒற்றைத் தண்டில் நிற்கும். நன்றாகக் காய்த்த, நோயில்லாத செடியிலிருந்து மட்டும் போத்து எடுங்கள். மொட்டு வீங்கிய குச்சியை யார் அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.