மின்கித்தாரை வீட்டில் இணைத்தே வைக்கலாமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் வகுத்தனர். யாழும் வீணையும் நரம்புக்கருவிகள். வீணையை உறையிட்டு மூலையில் வைத்திருந்தாலும் அது முழுமையான வீணையே. எடுத்து மடியில் வைத்து மீட்டினால் உடனே பேசும். நரம்பின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுக்கும் குடம் அதனோடேயே இருக்கிறது. மின்கித்தாரின் நிலை வேறு. அதன் உடல் பெரும்பாலும் ஒரு தடித்த மரக்கட்டைதான். நரம்பு ஓரிடத்தில் அதிர, குரல் வேறோரிடத்தில் எழுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒயர், பெருக்கி, ஒலிபெருக்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் ஆகிய அனைத்தும் வேண்டும். ஆகவே வீணை வைத்திருப்பவருக்கு எழாத ஒரு கேள்வி மின்கித்தார் வைத்திருப்பவருக்கு எழுகிறது. வாசித்து முடித்தபின் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து வைப்பதா, இணைத்தபடியே விட்டுவிடுவதா?

என் தாய்மாமன் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் செல்லும் ஒரு மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிப்பவர். அவருடைய கருவிகள் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கின்றன. முன்பு கித்தார் பெட்டியில் அடைபட்டுப் பீரோவின் மேல் கிடக்கும்; கச்சேரி இல்லாத நாட்களில் அதை அவர் தொடுவதில்லை. பெட்டியை இறக்கி, ஒயர்ச் சிக்கலை எடுத்து, பெருக்கியை மேசைக்குக் கீழிருந்து இழுத்துச் சுருதி சேர்ப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். பிறகு ஒரு ஸ்டாண்டு வாங்கி, எல்லாவற்றையும் இணைத்தபடியே நிறுத்தி வைத்தார். அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பத்து நிமிடமாவது வாசிக்காமல் அவர் செருப்பை மாட்டியதில்லை. பயிற்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஓரிரவு என் தாயார், "ஏன் தம்பி, இந்த ஒயரு ராப்பகலா சொருகியே கெடக்குதே, கரண்டு இழுக்காதா? கொழந்தைங்க தொட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். வீட்டில் இயற்பியல் படிப்பவன் நான் ஒருவனே. ஆதலால் கேள்வி என்னிடம் வந்தது. அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவதற்கு விடை எளிது. இரண்டாவது உயிரைப் பற்றியது.

கித்தாருக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. சாதாரண மின்கித்தார் மின்சாரத்தை வாங்குவதில்லை, தருகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. நரம்புகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்னும் உறுப்பு உள்ளது. அதில் சிறு காந்தங்களும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக, தலைமுடியளவே பருமனுள்ள செப்புக் கம்பியும் இருக்கும். எஃகு நரம்பு காந்தப்புலத்தில் அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. தடித்த ஆறாவது நரம்பைத் திறந்த நிலையில் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள்; அதே 82 அதிர்வெண்ணில் மின்னழுத்தமும் ஏறி இறங்கும். நைலான் நரம்பைக் கட்டினால் கருவி ஊமையாகிவிடும். அமெரிக்காவில் 1932இல் விற்பனைக்கு வந்த முதல் வெற்றிகரமான மின்கித்தார் இந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டனர்.

பிக்கப் தரும் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். இதனால் எறும்புக்கும் தீங்கில்லை. தீங்கு வரக்கூடியது ஒயரின் மறுமுனையிலிருந்து.

முதலில் மின்கட்டணக் கேள்வியை முடித்துவிடுவோம். பெருக்கியின் சுவிட்சை அணைத்துவிட்டால் பல பெருக்கிகளில் மின்னோட்டம் முழுவதும் நின்றுவிடும். அணைக்காமல் விட்டாலோ, பெடல்களுக்கான அடாப்டர் சுவரிலேயே மாட்டியிருந்தாலோ, சிறிது மின்சாரம் செலவாகும். எடுத்துக்காட்டாக அது 5 வாட் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி, ஆண்டுக்கு 43.8 யூனிட்; இரண்டு மாதக் கணக்கில் 7 யூனிட்டுக்குச் சற்று மேல். மேலைநாட்டார் பெரிதும் விரும்பும் வால்வு வகைப் பெருக்கியானால் கணக்கு வேறு. இ.எல்.34 என்னும் வால்வின் இழை மட்டுமே 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 9.5 வாட் எடுக்கும். நான்கு வால்வுகள் உள்ள பெருக்கியில் யாரும் வாசிக்காதபோதே 38 வாட் வெப்பமாகிப் போகும். வால்வின் ஆயுளும் குறையும். மாமாவுடையது டிரான்சிஸ்டர் வகை. ஆகவே தாயாருக்கு, "கரண்டு பில்லுக்குப் பயமில்லை, அம்மா" என்றேன்.

இனி இரண்டாவது கேள்வி. மின்கித்தாரின் நரம்புகளைத் தாங்கும் பாலத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி உள்ளே செல்கிறது. அது ஒயரின் வெளிவலையோடும், வெளிவலை பெருக்கியின் உலோகச் சட்டத்தோடும், சட்டம் மூன்று பின் பிளக்கின் பெரிய பின் வழியாக வீட்டு எர்த்தோடும் சேர்கின்றன. நம் உடல் சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஆன்டெனா போல ஏந்துகிறது. நரம்பைத் தொட்டவுடன் அந்த இரைச்சல் எர்த்துக்குப் போய்விடுகிறது. கையை வைத்தால் ‘உம்’ என்ற முனகல் குறைவதை வாசிப்பவர் எல்லாரும் அறிவர். மின்கித்தார்க்காரரின் கை எப்போதும் எர்த்தோடு கட்டப்பட்ட கை என்பதே இதன் பொருள்.

எர்த் சரியாக இருக்கும்வரை இது நன்மையே. பெருக்கிக்குள் ஏதேனும் பழுதுபட்டு ஃபேஸ் கம்பி சட்டத்தைத் தொட்டால், பெரும் மின்னோட்டம் எர்த் வழியே ஓடி ஃபியூஸ் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் ஃபியூஸ் போகாது. சட்டமும் வெளிவலையும் ஆறு நரம்புகளும் 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்பவர் தொட்டால் அவர் உடலே எர்த் கம்பி ஆகிவிடும். எதிர்முகமாகவும் விபத்து நேரலாம்: நரம்புகள் ஒழுங்காக எர்த்தில் இருக்க, வேறொரு பெருக்கியோடு இணைந்த மைக்கில் மின்னேறியிருந்தால், ஒரு கையில் கித்தாரும் மறுகையில் மைக்கும் பிடித்தவரின் மார்பின் குறுக்கே மின்னோட்டம் பாயும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், மேடையிலேயே, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார், வயது 27. ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தம் வீட்டில் மின்கித்தார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார், வயது 33. அங்கும் எர்த் சரியாக இல்லாததே காரணம். மேடை, மழை, கூட்டம் எதுவும் இல்லாத சொந்த வீட்டில் இது நேர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அக்காலத்து அமெரிக்கப் பெருக்கிகள் பலவற்றில் இரண்டு பின் பிளக்கே இருந்தது. இரைச்சலைக் குறைக்க மின்வழியின் ஒரு கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு மின்தேக்கியை வைத்திருந்தனர். பழுதுபார்ப்போர் அதற்கு ‘சாவு மின்தேக்கி’ என்று பெயரிட்டுள்ளனர். அதன் மதிப்பு 0.047 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் 2.1 மில்லிஆம்பியர், நம் நாட்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 3.4 மில்லிஆம்பியர். இது சுருக்கென்று கடிக்கும், கொல்லாது. ஆனால் மின்தேக்கி உட்சுற்றாகிப் பழுதானால் நடுவே தடை ஏதுமில்லை. முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்த மின்தேக்கிச் சூத்திரம் ஒருவரின் உயிரை இப்படி அளந்து காட்டும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. இன்று கித்தாரைக் கணினியோடு இணைத்து வாசிப்போருக்கும் இதன் சிறிய வடிவம் தெரிந்திருக்கும். இரண்டு பின் அடாப்டரில் கணினி ஓடும்போது நரம்பில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். அடாப்டருக்குள் உள்ள மிகச்சிறு மின்தேக்கிகளின் வேலை அது. நல்ல அடாப்டரானால் அளவு மிகக் குறைவு. மலிவுச் சரக்கை நம்ப முடியாது.

நம் வீடுகளுக்கு வருவோம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடித்தும் இருப்பது அழகுக்காக அன்று. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. இவ்வளவு கருத்தோடு செய்த பின்னை நாம் என்ன செய்கிறோம்? பிளக்கையே நீக்கிவிட்டு, இரண்டு ஒயர் நுனிகளை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறோம். இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் மூன்று பின் பிளக்கை மாட்டுகிறோம். சிலர் இரைச்சல் ஒழிய வேண்டுமென்று எர்த் பின்னையே வெட்டிவிடுகின்றனர். இரண்டு பெருக்கிகளை வெவ்வேறு இடத்தில் எர்த் செய்து ஒரே ஒயரால் இணைத்தால் வளையம் ஏற்பட்டு இரைச்சல் வரும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து, இரண்டு சாதனங்களையும் ஒரே பலகையிலிருந்து எடுப்பது. அல்லது ஒலி ஒயரின் நடுவே பிரிப்பு மின்மாற்றி வைப்பது. பிக்கப்பே நேராக ஏந்தும் இரைச்சலுக்கு எர்த் பொறுப்பன்று. அதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். எந்த இரைச்சலுக்கும் எர்த் பின்னை வெட்டுவது மருந்தாகாது.

மாமாவின் பிளக்கைப் பார்த்தேன். பின் மூன்றும் இருந்தன. ஆனால் சுவரிலுள்ள எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதனை பல்பு மாட்டிப் பார்க்கச் சொன்னோம். பல்பு மங்கலாகக்கூட எரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. அதைச் சரிசெய்தபோதே 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் பொருத்தினோம். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால், மீதி எங்கோ ஓர் உடல் வழியே போகிறது என்று கொண்டு அது இணைப்பை அறுத்துவிடும். மாமா செலவைப் பார்த்து, "மாப்ளே, இந்தக் காசுல ரெண்டு செட் நரம்பு வாங்கியிருப்பேனே" என்றார். இரண்டுக்கு மேலேயே வாங்கியிருக்கலாம்.

இணைத்து வைப்பதில் சில்லறைச் செய்திகளும் உண்டு. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் பெடல்களுக்குத் தனி மின்சுவிட்சு பெரும்பாலும் கிடையாது. ஒயரின் ஜாக்கை உள்ளீட்டுத் துளையில் செருகுவதே சுவிட்சு. காலால் அழுத்தும் பொத்தான் ஒலியை மாற்றுமே தவிர பேட்டரியை நிறுத்தாது. 10 மில்லிஆம்பியர் எடுக்கும் பெடலில் 500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து தகடுகளை அரிக்கும். ஆகவே பெடலின் உள்ளீட்டு ஜாக்கை மட்டும் கழற்றிவிட வேண்டும். மற்ற ஒயர்கள் அப்படியே இருக்கலாம். நரம்புகளைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை. ஆறு நரம்புகளின் மொத்த இழுவிசை ஒரு சிமெண்டு மூட்டையின் எடைக்குச் சற்றுக் குறைவு. கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அதை ஈடுசெய்யும் வகையில் அமைந்தது. உப்புக்காற்று வீசும் ஊரானால் வாசித்தபின் நரம்பைத் துணியால் துடைப்பது நல்லது.

சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் நாட்டில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் தனிச் சுவிட்சு இருப்பது பெரிய வசதி. அன்றாடம் அதுவே போதும். முதலில் ஒலியைக் குறைத்து, பெருக்கியை அணைத்து, பிறகு சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். ஆனால் அந்தச் சுவிட்சு ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. ஒயரிங் தலைகீழாக இருந்தால் நியூட்ரலை மட்டும் துண்டித்து, பெருக்கிக்குள் ஃபேஸை விட்டுவைக்கும். அதன் உள் இடைவெளி சில மில்லிமீட்டரே. இடி விழும்போது மின்கம்பிகளில் எழும் அழுத்தத்துக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டன்று; நியூட்ரலும் எர்த்தும் எப்படியும் இணைந்தே இருக்கின்றன. ஆகவே சித்திரை, வைகாசியின் கோடை இடியின்போதும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வானம் இருட்டத் தொடங்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். இடி தலைக்குமேல் வந்தபிறகு அதைத் தொடக்கூடாது.