பாடிப் பாடித் தொண்டை கட்டுகிறதா?

மார்கழி பஜனை, பாட்டு வகுப்பு, ஒத்திகை என்று தொடர்ந்து பாடுகிறவர்கள் குரலைக் காக்க:

1. எடுத்ததும் தார ஸ்தாயிக்குப் போகாதீர்கள். முதல் 10 நிமிடம் சரளி வரிசையை மெதுவாகப் பாடுங்கள்; குரல்நாண்கள் பதப்படும்.

2. உங்களுக்கு இசைவான கட்டையில் பாடுங்கள். அடுத்தவர் சுருதிக்கு இழுத்துப் பாடினால் கழுத்துத் தசைகள் இறுகும்.

3. அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் பேசாமல் இருங்கள். பாடும்போது குரல்நாண்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மோதுகின்றன, ஓய்வில்லாவிட்டால் வீங்கும்.

4. நாள் முழுவதும் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடியுங்கள். குரல்நாண்களின் ஈரம் குறைந்தால் உராய்வு கூடும்.

5. அடிக்கடி செருமாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள். செருமல் குரல்நாண்களைப் பலமாக மோதவிடும்.

6. தொண்டை கட்டியிருக்கும்போது பாடாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம். அதுவும் குரலுக்குச் சிரமமே.

7. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடியுங்கள். மேலேறும் வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும்.

குரல் கம்மல் 3 வாரம் தாண்டினாலோ, பாடும்போதே குரல் திடீரென்று அடைத்துப்போனாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.