பலாவின் தாய்வழி: ஒப்பிட்டு அறியும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் இறங்குகிறவர், ஏலத்தோட்டங்களில் நிழல் மரமாக நிற்கும் பலாவைக் கண்டு, இது காட்டில் தானே முளைத்ததா, மனிதன் நட்டதா என்று சந்தேகிப்பது இயல்பே. மேற்குத் தொடர்ச்சி மலையையே பலாவின் ஜன்ம பூமியாகத் தாவர சாஸ்திரிகள் கருதுவதால், அதற்கு விடை தேடுவது வீண் சிரமமாகாது. இலைக்குப் பசுமை தரும் பசுங்கணிகத்துக்கென்றே தனி டி.என்.ஏ. உண்டு, பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் அது மகரந்தத்தோடு கலவாமல் தாயிடமிருந்தே இறங்குவதால், மரத்தின் தாய்வழி வம்சத்தைச் சொல்ல வல்லது.

காட்டு மரங்களிலும் தோட்ட மரங்களிலும் இலை பறித்து, இந்த டி.என்.ஏ.வை ஒப்பிடுவதே வழி. அதற்கு முதலில் அனுமதி பெறுங்கள். மெட்டுக்கு இப்புறம் தமிழக வனத்துறை, அப்புறம் கேரள வனத்துறை, தோட்டமானால் உடையவர். அயல்நாட்டார் கூட்டுச் சேர்ந்தால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் அவசியம்.

அடுத்தது மரத் தேர்வு. இந்த ஆராய்ச்சிக்கு உயிர்நிலை இதுவே என்பது என் அபிப்பிராயம். தோட்டத்தில் தின்று எறிந்த பலாக்கொட்டை ஓடைக்கரையில் முளைத்துப் பெருமரமாகிவிட்டால், அதைக் காட்டு மரமென்று நம்பி ஏமாறுவது எளிது. ஆகையால் பழைய குடியிருப்புகளையும் பாதைகளையும் விட்டு விலகிய சோலைகளில் தேடி, அங்கே நெடுங்காலம் வேலை செய்த முதியவர்களை விசாரித்த பிறகே ஒரு மரத்தைக் காட்டு மரமெனக் குறித்துக்கொள்ளுங்கள். காடு, தோட்டம் என இரு தரப்பிலும் பல மரங்கள் வேண்டும். ஒப்புநோக்குவதற்குப் பலாவின் உறவு மரமாகிய அயினியையும் சேருங்கள். ஒட்டுப் பலாவில் ஒட்டுக்கு மேலே துளிர்த்த இலையையே பறிக்க வேண்டும்; கீழே துளிர்த்தது வேறொரு தாயின் பிள்ளை.

இளந்தளிரே நல்லது. வடியும் பாலைத் துடைத்து, இலையைச் சிறு துண்டுகளாக்கி, சிலிகா ஜெல் மணிகளோடு உறையிலிடுங்கள். மலை மூட்டத்தில் செய்தித்தாளை நம்பினால் இலை உலருமுன் கறுத்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக வெளிறினால் உடனே மாற்றுங்கள். பூவும் காயும் உள்ள கிளையொன்றை உலர்மாதிரியாக வைத்துக்கொள்வது, பிற்காலத்தில் எழும் ஐயத்தைத் தீர்க்கும்.

ஆய்வகத்தில், பலாவின் பிசினும் துவர்ப்பும் டி.என்.ஏ.வைக் கெடுக்குமாதலால், சி.டி.ஏ.பி. என்னும் வேதிப்பொருளைக் கொண்ட முறையோடு பி.வி.பி. என்னும் பொருளையும் சேர்த்து அதைப் பிரிக்கலாம். பிரித்த டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசைப்படுத்திக் கிடைத்த துணுக்குகளைக் கெட்ஆர்கனெல் மென்பொருளால் முழுப் பசுங்கணிகத் தொகுதியாகக் கோத்து, ஜீசெக் மென்பொருளால் மரபணுக்களைக் குறியுங்கள். நீளத்துக்கு ஓர் உரைகல்லும் உண்டு: பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த முசுக்கொட்டையின் பசுங்கணிகத் தொகுதியை டில்லிப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்டபோது, அது 1,58,484 எழுத்துகள் கொண்டிருந்தது. உங்கள் தொகுதி இதனின்றும் வெகுவாக விலகினால், கோத்ததில்தான் பிழை தேட வேண்டும்.

ஒப்பிடுகையில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய இடம் ஒன்று. இத்தொகுதி வட்டமானது, அதில் எதிரெதிராகத் திரும்பிய இரட்டைப் பகுதிகளுக்கு இடையிலுள்ள சிறு பகுதி, ஒரே இலைக்குள்ளேயே இரு திசையிலும் காணப்படும். அதைத் தலைகீழ் மாற்றமென்று எண்ணிக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் பேதம் கற்பிக்காமல், எல்லாத் தொகுதிகளையும் ஒரே மரபணுவில் தொடங்கி ஒரே திசையில் அமைத்த பின்னரே மாஃப்ட் மென்பொருள் கொண்டு அடுக்குங்கள். மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளில்தான் வேறுபாடு மிகுதியாகத் தென்படும். ஒரே எழுத்து நீளமாகத் தொடரும் இடங்களில் காணும் ஏற்றக்குறைவை மட்டும் எளிதில் நம்பாதீர்கள்.

பசுங்கணிகம் மெதுவாகவே மாறுவது. ஆதலால் காட்டு மரமும் தோட்ட மரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்று அண்மையில் வந்தது என்று அதுவே நிரூபித்துவிடாது. தந்தைவழியைப் பற்றி அது எதுவும் சொல்லாது; எனவே உட்கரு டி.என்.ஏ.வையும் பாராமல் கலப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறாதீர்கள்.